கரண்ட் வேலி தாண்டாது என்று நம்பினேன்

ஒரு வீட்டுக் கரண்ட் அந்த வீட்டு வளவுக்குள்தான் நிற்கும் என்று நான் இருபத்திரண்டு வருடம் நம்பியிருந்தேன். சிரிக்காதேங்கோ. மீற்றர் வீட்டுக்கு வீடு தனி, பில் தனி, வேலி தனி. ஒரு மனிசன் காசு கட்டி எடுத்த கரண்டுக்குப் பக்கத்து வளவுக்குள் என்ன வேலை? ஆடு வேலி தாண்டும், முருங்கைக்கொப்பு தாண்டும், சண்டை தாண்டும். கரண்ட் தாண்டாது. இதை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. நானாகவே கண்டுபிடித்து, நானாகவே நம்பி, இரண்டு மூன்று பேருக்கு அறிவுரையாகவும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது முழங்கால் சொன்னபடியால் ஏணியை விட்டு இறங்கிவிட்டேன். வயர் வேலை பழக வந்திருக்கிற நீங்கள் ஏறப் போகிறீர்கள். வயர் எத்தனை சைஸ், பைப்பை எவ்வளவு ஆழத்தில் தாட்பது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு மத்தியானத்தைச் சொல்கிறேன். அந்த மத்தியானம் முழுக்க நான் தலையில் ஹெல்மெட்டோடு நின்றேன். மோட்டர் சைக்கிள் ஹெல்மெட். பாதுகாப்புக்காக இல்லை. பயத்தில் கழற்ற மறந்துபோனேன். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

தலைமன்னார் றோட்டில் ரீற்றா அக்கா ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறார். சோளகக் காற்று எழும்பினால் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் வருவார்கள். அவர்களுக்காகப் பின் வளவில் ஒரு நீச்சல் தொட்டி கட்டினார். பம்புக்கு லைன் இழுத்தது நான். அந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். போர்டிலிருந்து தனி லைன், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற தனி ட்ரிப் சுவிச், உப்புக்காற்று நுழையாத பெட்டி. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கூரை எங்கள் தீவு மணலில் அடிப்பது சீனிப் பைக்குள் கரண்டி குத்துகிற மாதிரி. போகும், ஆனால் பிடிக்காது. அதனால் முன்பக்கத்தில் சமையல் நடக்கிற குசினிக் குழாயடியில், எப்போதும் ஈரமாயிருக்கிற இடமாகப் பார்த்து அடித்தேன். அங்கிருந்து பச்சை எர்த் வயரைப் பின் வளவு வரைக்கும் கொண்டுவந்து பம்புக்கும் கொடுத்தேன், தொட்டியின் இரும்பு ஏணிக்கும் கொடுத்தேன். ஒவ்வொரு வயர் நுனியிலும் ஒரு சின்ன வளையம் விட்டு முறுக்குவது என் பழக்கம். கையெழுத்து மாதிரி. ஏணியடியிலும் ஒரு வளையம் விட்டேன்.

"அக்கா, இந்தத் தொட்டியில மீன் வளத்தாலும் சாகாது" என்றேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரீற்றா அக்காவின் மகள் ஜெனிக்கு அன்று காலை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல்நன்மை. பூசை முடிந்து சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் டவுனில் கோழிக்கறிக்கு முன்னால் இருந்தேன். போன் அடித்தது.

"தம்பி, உன்ர தொட்டி கடிக்குது."

"என்ர தொட்டியோ? கட்டினது மேசன், தண்ணி உங்கட. நான் வயர் மட்டுந்தான்."

"பகிடி விடாத. ஏணியில கை வைச்சா சுருக்கெண்டு கடிக்குதாம். ஜெல்லி மீன் கிடக்குதோ எண்டு கேக்குதுகள். இப்ப லைன் கட்டி நிண்டு ஆளாளுக்குத் தொட்டுப் பாக்குதுகள்."

அந்தக் கடைசி வசனத்தில் என் கோழிக்கறி ஆறிப்போனது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், கரண்டைத் தொட. விளையாட்டாக.

"அக்கா, ஒருத்தரையும் ஏணிக்குக் கிட்ட விடாதேங்கோ. மெயினை இறக்குங்கோ. வாறன்."

மெயினை இறக்கியாயிற்று, இனிப் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். காற்று எதிரில். வழி முழுக்க ஒரே நினைப்பு: என் வேலையில் எங்கே பிழை? பம்பு கருகிற்றோ? எலி வயரைக் கடித்ததோ? பொலிஸ் பிடித்துப் போட்டால் மறியலில் எந்தப் பக்கம் கட்டில் கிடைக்கும்?

போய் இறங்கினேன். வீட்டுக்குள் மின்விசிறிகள் எல்லாம் நின்றிருந்தன. நேரே பம்பு அறைக்குப் போய் லைனையும் என் கையாலேயே கழற்றி எறிந்தேன். இனி அந்த வளவில் சாகடிப்பதற்கு ஒன்றுமில்லை. தொட்டிக்குள் பதினொரு பிள்ளைகள். வெளியே வாருங்கோ என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. ராசாத்தி குறுக்கே பேசினார்.

ராசாத்தி அந்த வீட்டில் கூட்டித் துப்பரவாக்குகிறவர். நறுவிலிக்குளத்திலிருந்து தினமும் பஸ்சில் வருவார். மலையகத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். ஈரத் தரையில் வெறுங்காலோடு, கையில் விளக்குமாறோடு நின்றார்.

"அண்ணே, இன்னும் கடிக்குதுங்க."

"என்ன கதை? மெயின் விழுந்திட்டுது. பம்பு லைனைக் கழட்டிப்போட்டன்."

"நீங்க கழட்டுன பொறகுதான் தொட்டேன். முந்தி மாதிரியேதான் இருக்கு."

கரண்ட் அளக்கிற கை மீற்றரை எடுத்தேன். ஒரு கம்பியை ஏணியில் தொட்டேன், மற்றதை ஏணியடி ஈரத் தரையில் வைத்தேன். இலக்கம் ஏறியது. முப்பது வோல்ற்றைத் தாண்டி, நாற்பதுக்குக் கிட்ட நின்று ஆடியது. மீற்றரைத் தட்டிப் பார்த்தேன். பற்றறியைக் குறை சொன்னேன். திரும்ப வைத்தேன். அதே இலக்கம்.

தம்பிமார், தங்கச்சிமார், எத்தனையோ செத்த லைன்களில் கை வைத்திருக்கிறேன். செத்த லைன் செத்துத்தான் இருக்கும். இங்கே லைனே இல்லை. சுவிச் இல்லை, பம்பு இல்லை, வீட்டில் ஒரு லைற் இல்லை. வெயிலில் மினுங்கிக்கொண்டு ஒரு ஏணி நிற்கிறது. அது உயிரோடு இருக்கிறது. கோயிலில் முழந்தாளில் நிற்கும்போதுகூட என் உடம்பு அப்படிப் புல்லரித்ததில்லை.

அதே கணத்தில் இன்னொன்றும் பிடிபட்டது. நான் கத்தியிருந்தால் பிள்ளைகள் எந்த வழியால் வெளியே வந்திருப்பார்கள்? ஆழமான பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஏணி. படிகள் இருப்பது மறு அந்தத்தில், வீட்டுப் பக்கம். பயந்த பிள்ளை கிட்ட இருக்கிறதைத்தான் பிடிக்கும். ஈரக் கையால் ஏணியைப் பிடித்து, ஈரக் காலைத் தரையில் வைக்கும். ஒருத்தர் பின் ஒருத்தராகப் பதினொரு பேர். காப்பாற்ற வந்தவன் ஒரே சொல்லில் அவர்களை அதன் வாய்க்கு அனுப்பியிருப்பேன்.

படிப் பக்கத்தால் எடுக்கலாமே என்பீர்கள். ஓடிப்போய் அங்கேயும் மீற்றரை வைத்தேன். ஒன்றும் காட்டவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் மெயின் விழுந்தது, இனிப் பயமில்லை என்று சத்தியம் பண்ணின ஆள் நான். எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாத ஒன்று அடுத்த நிமிடம் எங்கே இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வருகிற இடத்தை அடைக்கும்வரைக்கும் ஒருத்தரையும் அசைக்கிறதில்லை என்று முடிவெடுத்தேன்.

"ஒருத்தரும் வெளிய வரக்கூடாது!" என்று கத்தினேன். "எல்லாரும் நடுவுக்கு! கை ரெண்டும் மேல! ஆர் கடைசி வரைக்கும் சிலை மாதிரி நிக்கினமோ அவைக்குத்தான் கேக்கில பூ வைச்ச துண்டு!"

நடுவில் தண்ணீர் பிள்ளைகளின் நெஞ்சளவு. எல்லாரும் போய்க் கையைத் தூக்கினார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மாமா, ஏன் ஹெல்மெட் போட்டிருக்கிறீங்கள்?" என்றான் ஒருவன்.

"நீ சிரிக்கத்தான். கையை இறக்காத!"

என் கண் ஏணியை விட்டு அசையவில்லை. குரல் மட்டும் சர்க்கஸ்காரன் குரல். பகிடிக்காரன் என்று என்னை ஊரில் கணக்கில் எடுக்காதவர்கள் பலர். அன்றைக்கு அந்தப் பகிடி ஒன்றுதான் என்னிடம் வேலை செய்த கருவி.

அப்போது காற்று தன் வேலையைக் காட்டியது. ஆறு வயது டிலான் றப்பர் வளையத்துக்குள் இருந்தான். அவன் சிலை மாதிரித்தான் இருந்தான், பாவம். காற்று வளையத்தைத் தள்ளியது. மெல்ல மெல்ல ஏணிப் பக்கம். ரீற்றா அக்கா கண்டுவிட்டார். சருகு அள்ளுகிற வலைத் தடியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். நீளமான அலுமினியத் தடி.

"போடுங்கோ கீழ!" நான் போட்ட சத்தத்தில் வளவு நாய் மேசைக்குக் கீழே போய்ப் படுத்தது. அக்கா தடியைப் பாம்பை எறிகிற மாதிரி எறிந்தார். முகம் வெளுத்துப்போனது. அதுவரைக்கும் இது வயர்க்காரனின் அலட்டல் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"ஜெனி, தம்பியைப் பிடி. நடுவுக்கு இழு."

ஜெனி இரண்டு எட்டில் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். ஏணிக்கு, இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாக நீளம்கூட மிச்சமில்லை. "அப்ப நான் கை இறக்கினது கணக்கில்லை என்ன?" என்று கேட்டாள்.

"கணக்கில்லை, ராசாத்தி" என்றேன். உண்மையான ராசாத்தி "என்னங்க?" என்றார்.

கேட்டதோடு அவர் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது.

"அண்ணே, வீட்டுப் பக்கம் நின்னா ஒண்ணுமில்ல. வேலிப் பக்கம் போகப் போகக் காலுல ஊருது. ரெண்டு நாளா கழுதைகூட அங்கிட்டு வரலைங்க."

தொட்டியைக் கழுவி விடுகிற தண்ணீர் பின்வேலியடியில் தேங்கும். தீவுக் கழுதைகளுக்கு அதுதான் மத்தியானத்துத் தேத்தண்ணிக்கடை. ரீற்றா அக்கா கல்லெறிந்தும் போகாத கழுதைகள் தாமாகப் போய்விட்டன என்றால், நாலு காலால் அவை எதையோ படித்திருக்கின்றன.

"முதல்ல செருப்பைப் போடுங்கோ" என்றேன்.

"போட்டா எப்படிங்க தெரியும்?"

"இனி மீற்றர் சொல்லும். போடுங்கோ."

அவர் கை காட்டினார், நான் அளந்தேன். இரண்டு ஆணிகளைக் காலை அகட்டி வைக்கிற ஒரு கவடு தூரத்தில் ஈர மணலில் குத்தி, மீற்றரை இரண்டுக்கும் கொடுத்தேன். வெறும் மணல். வயர் இல்லை, இரும்பு இல்லை. மீற்றர் இலக்கம் காட்டியது. வேலியை நோக்கி ஒரு கவடு போனால் இலக்கம் கூடியது. இன்னொரு கவடு, இன்னும் கூடியது. அவர் "இங்க ஜாஸ்தி" என்ற இடமெல்லாம் ஜாஸ்தி. அவர் "இங்க கொஞ்சம்" என்ற இடமெல்லாம் கொஞ்சம்.

"இது எப்பிடித் தெரியுது உங்களுக்கு?"

"நான் பொறந்தது மலையிலங்க. ஏத்தம் எந்தப் பக்கம்னு காலு சொல்லிரும்."

மன்னார்த் தீவில் மலை கிடையாது. ஒரு தென்னை உயரத்தில் நின்றால் இரண்டு பக்கக் கடலும் தெரியும், அவ்வளவு தட்டை. ஆனால் அன்றைக்கு அந்த வளவுக்குள் ஒரு மலை நின்றது. கண்ணுக்குத் தெரியாத கரண்ட் மலை. அதன் அடிவாரம் குசினிப் பக்கம். சரிவு தொட்டியின் ஊடாக, பதினொரு பிள்ளைகளின் கால்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. உச்சி வேலிக்கு அப்பால். அதன்மேல் இரண்டு நாளாகப் பூ உதிர்ந்தது, காகம் நடந்தது, பிள்ளைகள் ஓடினார்கள். நான் கையில் மீற்றரோடு அந்தச் சரிவில் நின்றேன். வேலி அதன் நடுவால் போனது. மணலுக்கு வேலி இருக்கிறதே தெரியாது.

வேலிக்கு அப்பால் ஒரு மோட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

அது லம்பேட் மாஸ்ரர் வீடு. ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார். தொட்டி கட்டின நாளிலிருந்து அவருக்கும் ரீற்றா அக்காவுக்கும் பேச்சில்லை. தொட்டி தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறது என்பது அவருடைய வழக்கு. நான் ஓலை வேலியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டேன். பத்திரிகையோடு வந்தார்.

"மாஸ்ரர், உங்கட கிணத்து மோட்டரை நிப்பாட்டுங்கோ. கரண்ட் இஞ்சால தொட்டிக்குள்ள வருது."

அவர் ஹெல்மெட்டை மேலும் கீழும் பார்த்தார். "அவளின்ர தொட்டி என்ர கிணத்தைக் குடிச்சது. இப்ப என்ர கிணறு அவளின்ர தொட்டியைக் கடிக்குதாமோ?"

"ஓம் மாஸ்ரர்."

"என்ர மோட்டர் என்ர கிணத்துக்குள்ள. என்ர வயர் என்ர வளவுக்குள்ள. பில் கட்டுறது நான். என்ர கரண்ட் எப்பிடி ஐசே வேலி தாண்டும்? முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சனான் நான்."

யோசித்துப் பாருங்கோ. நான் இருபத்திரண்டு வருடம் வைத்திருந்த அதே நம்பிக்கை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கே பாடம் எடுக்கிறது. அரைமணி நேரத்துக்கு முன்னர் கேட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டியிருப்பேன். பின்னால் ஒரு பிள்ளை "மாமா, கை நோகுது" என்று அழத் தொடங்கியது.

"மாஸ்ரர், நீங்கள் சொல்றது சரி. நான் மொக்கன் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கோ. பதினொரு பிள்ளையள் தண்ணிக்குள்ள நிக்குதுகள்."

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தூக்கின கைகளைக் கண்டார். பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில், சாரத்தோடு, அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உறுமல் நின்றது. மீற்றரைப் பார்த்தேன். இலக்கம் விழுந்து, சைபரில் நின்றது. முழு வளவும் ஒரு மூச்சை விட்ட மாதிரி இருந்தது. ஒரு சுவிச். ஒரு கிழவரின் ஒரு விரல். மலை போய்விட்டது.

பிள்ளைகளைப் படிப் பக்கத்தால் ஒவ்வொருவராக எடுத்தோம். ஏணிப் பக்கம் ஒருத்தரையும் விடவில்லை. வெளியே வந்தவர்களை எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. திரும்ப எண்ணினேன். மேசைக்குக் கீழே கிடந்த நாயையும் எண்ணியிருந்தேன். கேக்கில் பூ வைத்த துண்டுக்குச் சண்டை வந்தது. பதினொரு பூ வெட்ட வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். வெயிலுக்கு மாஸ்ரரின் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. இரண்டு நாளைக்கு முன் மோட்டரை இன்னும் கீழே இறக்கினார். வயர் நீளம் போதவில்லை. ஒரு துண்டு ஒட்டி, மேலே டேப் சுற்றினார். அந்த ஒட்டு தண்ணீருக்குள் போனது. அங்கிருந்து கரண்ட் நீரிலும் ஈர மணலிலும் பரவித் தொட்டியின் பின்கரை வரைக்கும் வந்தது. அந்தக் கரையில் என் ஏணி. ஏணியின் பச்சை வயர் வளவைக் குறுக்கறுத்து, குசினிக் குழாயடியில், மலையின் அடிவாரத்தில் இருந்தது. பின்கரை ஒரு உயரம், ஏணி வேறு உயரம். இரண்டையும் ஒரு பிள்ளை தொட்டால் அந்த உயர வித்தியாசம் பிள்ளைக்குள்ளால் இறங்கும். மெயின் சுவிச் பச்சை வயரை வெட்டாது. நான் நெஞ்சு நிமிர்த்திப் போட்ட பாதுகாப்புத்தான் அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

பிறகு தொட்டியைச் சுற்றித் தரையைக் கிளறி, கம்பிவலை தாட்டு, ஏணி, பம்பு, வலை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினேன். மலை வந்தாலும் தொட்டியும் அதைச் சுற்றின தரையும் ஒரே உயரத்தில் இருக்கும். இதை நீங்கள் முதல்நாளே செய்யுங்கோ. ஒரு இடம் கடிக்குது என்று யாரும் சொன்னால், சொல்கிறவர் கையில் விளக்குமாறு இருந்தாலும், அது முடியுமோ முடியாதோ என்று விவாதிக்காதேங்கோ. அளந்து பாருங்கோ.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அவ்வளவு கரண்ட் கசிந்தும் மாஸ்ரர் வீட்டு ட்ரிப் சுவிச் ஏன் விழவில்லை? அதற்குத்தானே அந்தச் சுவிச்.

அன்றைக்கே பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் வீரம் திரும்பியிருந்தது. ரீற்றா அக்காவும் கூட வந்தார். தொட்டி கட்டின பிறகு அந்த வாசல் படலையை அவர் தாண்டியது அன்றைக்குத்தான். மாஸ்ரர் கதிரை போட்டார். நான் பெட்டியைத் திறந்தேன். ட்ரிப் சுவிச் வேலை செய்யாதபடிக்கு, அதன் குறுக்கே ஒரு சிவப்பு வயர்த் துண்டு போட்டுக் கட்டியிருந்தது.

"எந்தக் கழுதை மாஸ்ரர் இந்த வேலை செய்தது?" என்றேன். குரலில் நீதிபதி வந்து உட்கார்ந்திருந்தார். "இவனைப் பிடிச்சு உள்ள போடவேணும்."

மாஸ்ரர் கிட்ட வந்து என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"அந்த ஹெல்மெட்டைக் கழட்டும் பாப்பம்."

கழற்றினேன்.

"அதுதானே பாத்தன், குரல் எங்கயோ கேட்ட குரலாக் கிடக்கு" என்றார்.

நான் திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு வயரின் இரண்டு நுனியிலும் சின்ன வளையம் விட்டு முறுக்கியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருநாளன்று, மாஸ்ரர் வீடு நிறைய விருந்தாட்கள். உப்புக்காற்றில் ட்ரிப் சுவிச் பழுதாகி விழுந்துகொண்டே இருந்தது. கடைகள் பூட்டு. சமையல் பாதியில் நின்றது. என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளைக்கு மட்டும் என்று சொல்லி அந்தத் துண்டைப் போட்டேன். ஆட்டிறைச்சியோடு சாப்பிட்டேன். திங்கட்கிழமை வந்து புதுச் சுவிச் மாட்டுவதாகச் சொன்னேன். நான் போகவில்லை.